நிழல் மரம்: பி பிளாக்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் துணை விதி 23, உட்பிரிவு (இ) இப்படிச் சொல்கிறது: "மொட்டை மாடியிலோ, படிக்கட்டிலோ, பொது நடைவழியிலோ, வாடை பரப்பும் தன்மையுள்ள எந்த உணவுப் பொருளையும் எந்த உறுப்பினரும் உலர்த்தலாகாது." வரைவு என்னுடையது. மத்திய அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளில் குறிப்பு எழுதிய கை, ஓட்டை இருக்காது. இந்த ஒரு விதியை மட்டும் உரிய காலத்தில் அமல்படுத்தியிருந்தால், பி பிளாக்கில் இருந்த அந்த அம்மாளைப் பற்றி எழுத எனக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

அவருக்குப் பெயர் இருந்தது. ஒயிட்ஃபீல்டில் எங்கள் வளாகத்தில் யாரும் அதை உபயோகிக்கவில்லை. காவலாளிகளுக்குக் காபி மேடம், கன்னடக்காரர்களுக்குக் காபி அம்மா, என் மனைவிக்கு முதல் சில மாதங்கள் 'அந்தப் பொம்பளை', பிறகு அக்கா. நானும் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரைக்கும் மார்க் போட்டு அனுப்புவார்.

மார்க் போடுவதுதான் அவர் தொழில். காபி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் ருசி பார்க்கும் மேசையில் உட்கார்ந்து, எஸ்டேட்களிலிருந்து வரும் காபிக்கு நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும் உத்தியோகம். ஓய்வு பெற்றபோது கம்பெனி மேசையைத்தான் திரும்ப வாங்கிக்கொண்டது. நாக்கை அவரிடமே விட்டுவிட்டது.

அவர் எங்கள் வீட்டுக்கு முதல் முறை வந்த அன்று என் மனைவி டபராவில் ஃபில்டர் காபி கொண்டு வந்து வைத்தாள். அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த குழிவான ஒரு கரண்டியை எடுத்தார். சர்க்கரை கலக்கப் போகிறார் என்று நினைத்தோம். கரண்டியில் மொண்டு வாயருகே கொண்டுபோய் ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். புது வேட்டியை நடுவில் பிடித்துச் சரக்கென்று கிழித்தால் ஏறக்குறைய அந்தச் சத்தம் வரும். பிறகு கண்ணை மூடி, காபியைக் கன்னத்துக்குக் கன்னம் மாற்றிவிட்டு, வாயை மூடியபடியே கையால் ஏதோ கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. மேசையிலிருந்த காலி டம்ளரை அவரே எடுத்து அதில் துப்பினார்.

"அறுபத்தெட்டு," என்றார்.

"என்னது?" என்றாள் என் மனைவி.

"நூத்துக்கு. கோச்சுக்காதம்மா. சிக்கிரி ஜாஸ்தி. பாலு நேத்திது. டிகாக்ஷன் காலைல எறக்கினது. மத்தபடி உன் கை நல்ல கை."

நான் சமாதானமாக, "அறுபத்தெட்டுன்னா முதல் வகுப்புதானே?" என்றேன்.

"எங்க டேபிள்ல எம்பதுக்கு மேல போனா தான் சார் ஸ்பெஷாலிட்டி. அதுக்குக் கீழ இருக்கறது எல்லாம் வெறும் காப்பி."

அவர் போனதும் என் மனைவி டம்ளரைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் போட்டாள். "பத்தாம் கிளாஸ் கணக்குலயே எனக்கு எழுபத்தொண்ணு. இந்தப் பொம்பளை அறுபத்தெட்டு போடறா," என்றாள். அடுத்த வாரம் பால்காரரை மாற்றினாள். அதற்கடுத்த வாரம் காபிப்பொடிக் கடையை மாற்றினாள். மாதக் கடைசியில் அந்த அம்மாளை அவளே கூப்பிட்டு உட்காரவைத்து, துப்புவதற்குத் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளரும் வைத்தாள். எழுபத்து மூன்று. அன்று முதல் எண்பது என்ற எண் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியேறியது.

பொய்யாக ஒரு மார்க் கூட்டிப் போட அவருக்கு வராது. அதே சமயம் ஒரு மார்க் குறைக்கவும் வராது. ஹெப்பகோடியில் எங்கள் துப்புரவு மேற்பார்வையாளர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் ரசம் வந்ததும் கைப்பை திறந்தது. அந்தச் சத்தத்தில் வரிசை முழுவதும் சாப்பாட்டை நிறுத்தியது. யாருக்கோ புரையேறிவிட்டது என்று பந்தி விசாரிக்கிறவர் தண்ணீரோடு ஓடி வந்தார். "எம்பத்தி நாலு," என்றார் இவர். "மொளகு நுனில வருது, புளி முன்னாடி வர்ல. யாருப்பா சமையல்?" தலைமைச் சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார். சண்டைக்குத் தயாராக வந்தவர், எண்பத்து நாலின் அர்த்தம் விளங்கியதும் கண் கலங்கி, நாங்கள் கிளம்பும்போது ஒரு தூக்கு நிறைய ரசம் கட்டிக்கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு போக்குவரத்து நெரிசலில் நான் வந்த கதை வேறு.

அவர் போகும் சர்ச்சில் திராட்சை ரசத்துக்கு எழுபத்திரண்டு என்று பாதிரியாரிடமே சொல்லியிருக்கிறார். "கோச்சுக்கினாரு சார். நான் அவர் பிரசங்கத்துக்கு மார்க் போட்டேனா? ரசத்துக்குத் தானே போட்டேன்?" எங்கள் வளாகத்துப் பிள்ளையார் சதுர்த்தியில் பஞ்சாமிர்தத்துக்கு எண்பத்தொன்று, வாழைப்பழம் ஒரு நாள் முன்னால் உரித்திருந்தால் எண்பத்து நான்கு. அர்ச்சகர் அடுத்த ஆண்டு ஒரு நாள் முன்னால் உரித்தார் என்று கேள்வி.

எப்போதும் சரியாகச் சொன்னார் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் ஏ பிளாக் லிஃப்டில் ஏறியவர் நின்று மூக்கை உறிஞ்சி, யாரோ உயர்ந்த ரகக் காபியைக் கடற்காற்றில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள், முகர்ந்த அளவிலேயே எண்பத்திரண்டு போடலாம் என்றார். லிஃப்டின் தரைவிரிப்பு ஒரு வாரமாக நனைந்து கிடந்தது. விரிப்பைக் காட்டினேன். குனிந்து அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும். எம்பத்திரெண்டு எம்பத்திரெண்டு தான்," என்றார்.

வீட்டில் அவர் குடித்தது டீ. அதை நான் கண்டுபிடித்த அன்று கொஞ்சமும் கூசவில்லை. "வேலைல தினம் அவ்ளோ காப்பி வாய்ல ஊத்திகினேன் சார். ஒண்ணு உள்ள போனதில்ல. துப்பினா தான் மார்க் போட முடியும். விழுங்கிட்டோம்னு வையுங்க, அப்புறம் அது நம்ம சமாச்சாரம். அதுக்கு யாரு மார்க் போடுவா?"

இப்படிப்பட்டவர் காபிச் செடி நட்டார்.

தெற்குச் சுவர் ஓரமாகக் கட்டடக்காரர்கள் அலங்கார வேலிச்செடி வைத்திருந்தார்கள். அது எங்கள் முதல் கோடையிலேயே செத்தது. அந்த இடத்தில், சிக்கமகளூர் பக்கம் தெரிந்த தோட்டக்காரர் ஒருவரிடம் வாங்கிய அராபிகா நாற்றுகளை இவர் தோட்ட வேலைக்காரரைச் சரிக்கட்டி நட்டுவிட்டார். இரண்டு பேருந்து நீளத்துக்கு இருக்கும். அதற்கு 'எஸ்டேட்' என்று பெயர். காபிக்கு உச்சி வெயில் ஆகாது, நிழல் மரம் வேண்டும். எஸ்டேட்களில் சில்வர் ஓக் வைப்பார்களாம். இங்கே மதியத்துக்கு மேல் பி பிளாக்கின் பன்னிரண்டு மாடியும் அந்தச் செடிகள் மேல் நிழலாக விழுந்தது. ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டார். ஊர்: ஒயிட்ஃபீல்ட். உயரம்: கடல் மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் போல. மண்: செம்மண், செங்கல் துண்டு கலந்தது. நிழல் மரம்: பி பிளாக். தண்ணீர்: நம்ம எல்லாருடையதும்.

கடைசி வரி உண்மை. வளாகத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் தோட்டத்துக்கு விடுகிறோம்.

பொது இடத்தில் தனிநபர் பயிர் செய்வது குறித்துச் சங்கச் செயலாளர் என்ற முறையில் விளக்கம் கேட்கப் போனேன். செடியைச் சதுரமாகக் கத்தரித்திருந்த தோட்டக்காரரைக் கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார், திட்டு நிற்கவில்லை. அது ஓய்ந்த பிறகு கேட்டேன்.

"குடகுக் காப்பிக்கு மார்க் போட்டேன் சார். ஏற்காடு காப்பிக்குப் போட்டேன். எத்தியோப்பியா, எங்கெங்கேர்ந்தோ வந்ததுக்கெல்லாம் போட்டேன். எங்க ஊருன்னு சொல்லிக்க எனக்கு ஒரு காப்பி கிடையாது. எங்கப்பா கேஜிஎஃப்ல ஆயுசு பூரா பூமிக்கடியில போயி தங்கம் தோண்டினாரு. ஒரு மூக்குத்திக்கு ஆவுற அளவு வீட்டுக்கு வர்ல. மண்ணுலேர்ந்து நம்மளுதுன்னு ஒண்ணு வந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அது இல்லாம, சும்மா உக்காந்துகினு இருந்தா எங்க நாத்தனார் வந்து தங்கிடுவா," என்றார்.

விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

நட்ட மூன்றாவது கோடையில் ஒரு மழை பெய்து ஒரு வாரம் கழித்துச் செடிகள் கொத்துக் கொத்தாக வெள்ளையாகப் பூத்தன. மல்லிகையும் ஆரஞ்சுப் பூவும் கலந்த மாதிரி ஒரு வாசனை. மூன்று நாள் வளாகம் முழுவதும் நின்றது. எங்கள் சங்கத் தலைவர் ஏ பிளாக்காரர், தூத்துக்குடியிலிருந்து வந்து ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவர், வயது நாற்பதுக்குள். வாடை விஷயத்தில் அவர் கடுமையானவர். லிஃப்டுக்குள் தானாக வாசனை பீய்ச்சும் கருவி வைத்தது அவர்தான். அது ஏறுகிறவர்களின் கண்ணில் பீய்ச்சும். பூ பூத்த அந்த மூன்று நாளும் நல்ல மணம் பரப்பியதற்காகத் துப்புரவு நிறுவனத்தைப் பாராட்டி அவர் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். துப்புரவு நிறுவனம் நன்றி தெரிவித்து அடுத்த மாதக் கட்டணத்தை உயர்த்தியது.

டிசம்பரில் பழம் சிவந்தது. இவர் ஒவ்வொன்றாகப் பறித்து, தண்ணீரில் போட்டு மிதந்ததைத் தள்ளி, மீதியைக் கையால் பிதுக்கித் தோலெடுத்தார். கொட்டைமேல் ஒட்டியிருக்கும் கொழகொழப்பு போக அதைத் தொட்டியில் புளிக்க வைக்க வேண்டுமாம். வைத்தார். மறுநாள் பி பிளாக் முழுவதும் ஒரு வாடை. வாட்ஸப் குழுவில் கழிவுநீர் நிலையம் உடைந்துவிட்டது என்று தலைவர் அறிவித்தார். ஆள் வரவழைத்தோம். தர்மபுரிக்காரர். நிலையத்தைச் சுற்றி வந்து, மூக்கை நிமிர்த்தி, மனம் புண்பட்டவராகச் சொன்னார்: "சார், நம்ம பிளாண்ட் ஒரு நாளும் இப்படி நாறாது. இது ஏதோ பழ நாத்தம். வேணும்னா அந்த பி பிளாக்குல போயிக் கேளுங்க."

போனேன். துணி துவைக்கும் பால்கனியில் முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். "செக்ரட்டரி சார், கரெக்டா வந்தீங்க. கொழகொழப்பு போயிடுச்சா, தொட்டுப் பாருங்க." தொட்டுப் பார்த்தேன். போயிருந்தது.

அடுத்தது உலர்த்தல். பி பிளாக் மொட்டை மாடியில் பழைய கொசுவலையைக் கட்டில்மேல் இழுத்துக் கட்டி அதில் பரப்பினார். விதி 23(இ) பொருந்தும் கட்டம் இதுதான். நோட்டீஸ் தயாரித்துவிட்டேன். அது கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கையெழுத்திட வேண்டிய அதிகாரி மாடியில் மர முள்கரண்டியால் காபியைப் புரட்டிக்கொண்டிருந்தார், ஏனென்றால் அந்த அம்மாள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகப் பொங்கலை ஒட்டி ஒரு வாரம் கேஜிஎஃப் போய்விட்டார். பொறுப்பை என்னிடமும் என் மனைவியிடமும் விட்டிருந்தார். மதியத்துக்கு மேல் இரண்டு தடவை நாங்கள் ஒழுங்காகப் புரட்டினோம். காலையில் அங்கே என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியாது.

உலர்ந்த காபியைச் சாக்கில் கட்டி இரண்டு மாதம் ஓய்வில் வைத்தார். அந்த இரண்டு மாதம் முடிகிற வாரத்தில்தான் பொதுக்குழு வந்தது.

நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது பொருள்: மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்ற இடம். தலைவர் தெற்குச் சுவர் ஓரத்தைக் குறித்திருந்தார். "அங்க இருக்கிறது வெறும் வேலிதான? எடுத்துட்டா பத்து கார் நிக்கும்," என்றார்.

"வேலி இல்ல தம்பி. எஸ்டேட்டு," என்றார் அந்த அம்மாள், இரண்டாவது வரிசையிலிருந்து.

"ஆண்ட்டி, இது அபார்ட்மெண்ட். எஸ்டேட்டுன்னா மலையில இருக்கணும்."

"தொள்ளாயிரம் மீட்டர் மேல உக்காந்துகினு தான் பேசற நீ."

சிரிப்பு. சி பிளாக்கிலிருந்து ஒருவர் எழுந்து, நம் வளாகத்துக்கென்று தனியாக ஒரு ஸ்பெஷாலிட்டி காபி இருந்தால் வீட்டு விலை ஏறும் என்றார். இன்னொருவர், பத்துக் கார் நின்றாலும் ஏறும் என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தலைவருக்கு நல்ல மனம் உண்டு. அதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமும் கலந்திருக்கும். எழுந்து சொன்னார்: "சரி. வெளியாள் யாரும் வேண்டாம். ஆண்ட்டியே மார்க் போடட்டும். எண்பது வந்தா செடி இருக்கட்டும். வரலைன்னா எடுத்துருவோம். வர்ற ஞாயித்துக்கிழமை, கிளப்ஹவுஸ்ல, எல்லாருக்கும் முன்னால. சம்மதமா?"

எல்லாரும் கைதட்டினார்கள். தன் செடிக்குத் தானே மார்க் போடுகிறவர் தொண்ணூறுக்குக் கீழே இறங்குவாரா? தலைவர் கௌரவமாகத் தோற்றுக்கொடுக்கிறார் என்றே நானும் நினைத்தேன். என் மனைவி மட்டும் என் காதில், "ஏங்க, செடி போச்சு," என்றாள். "அந்தம்மாவுக்குப் பொய் சொல்ல வராதே."

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஓட்டை போட்ட இரும்புச் சட்டியில் காபியை வறுத்துக்கொண்டிருந்தார். புகையில் ஆளே தெரியவில்லை. "மேடம், முன்கூட்டி ஒரு வாய் ருசி பார்த்துவைப்பது நல்லது," என்றேன்.

"கூடாது சார். மொதல் கப்பு எல்லாருக்கும் முன்னாடி தான். மொறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

முறை என்றால் நான் என்ன பேச முடியும்? ஆனாலும் கதவருகே திரும்பி, "எண்பத்தொன்று போதும்," என்றேன்.

"நீங்க ஃபைல்ல பொய் எழுதுவீங்களா சார்?"

"பொய் எழுதமாட்டோம். 'கருதப்படலாம்' என்று எழுதுவோம்."

"நாக்குல கருதப்படலாம்னு ஒரு ருசி கெடையாது," என்றார்.

ஞாயிறன்று கிளப்ஹவுஸில் டேபிள் டென்னிஸ் மேசைமேல் வெள்ளைத் துணி. ஐந்து கிண்ணங்களில் பொடி. வெந்நீர் ஊற்றி நான்கு நிமிடம் அசையாமல் நின்றார். மேலே ஏடாக மிதந்த பொடியைக் கரண்டியால் உடைத்து, மூக்கைக் கிண்ணத்துக்குள் விட்டார். அவர் முகம் லேசாக மாறியதை என் மனைவி பார்த்தாள். என் கையைக் கிள்ளினாள். பிறகு அந்த உறிஞ்சல். வாளியில் துப்பல். இரண்டாவது கிண்ணம், மூன்றாவது, ஐந்துவரை. திரும்ப முதல் கிண்ணம். சி பிளாக்காரர் இரண்டு கையையும் விரித்து எண்பது, எண்பது என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் கரண்டியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"அறுபத்தொண்ணு," என்றார்.

எங்கள் வீட்டு முதல் காபியைவிட ஏழு மார்க் குறைவு. ஜெயித்த தலைவருக்கே முகம் விழுந்தது. "ஆண்ட்டி, இன்னொரு வாட்டி பாருங்க. நேரம் இருக்கு," என்றார்.

"பாத்துட்டேன் தம்பி. புளிப்பு நல்லாருக்கு. இனிப்பு இருக்கு. பின்னாடி வெல்லம் மாதிரி ஒண்ணு வருது. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு ஏறி உக்காந்துகினு கீது." மறுபடி ஒரு உறிஞ்சு, கண்ணை மூடி. "கருவாடு."

கூட்டத்தில் சலசலப்பு. காய்கிற காபி பக்கத்திலிருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அது இவர் எங்களுக்குப் பல தடவை சொன்ன பாடம்தான்.

"நெத்திலி," என்று தொடர்ந்தார். "உப்பு அளவா போட்டது. நல்ல வீட்டுக் கைபாகம். நடுவுல எங்கியோ தண்ணி பட்டு, மறுபடி வெயில் காட்டியிருக்காங்க. நம்ம மாடில தான். கருவாட்டுக்குன்னா நான் எம்பத்தஞ்சு போடுவேன்."

யார், யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எந்த வீட்டுச் சமையலறையில் என்ன வேகிறது என்று தெரிந்துகொள்வதில் எங்கள் வளாகத்தில் உள்ள ஆர்வம் வேறெதிலும் இல்லை. அப்போது நான்காவது வரிசையிலிருந்து தலைவரின் மனைவி, கணவருக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்து, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நாந்தான் அன்னைக்கே சொன்னேம்லா, நம்ம மாடியிலயே வைங்கன்னு."

தலைவர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். மேலாளர் தமிழ் போய் ஊர்த் தமிழ் வந்துவிட்டது. "பொங்கலுக்கு அம்மா பஸ்ஸுல குடுத்து விட்டாவ சார். டிக்கியில தண்ணி ஒழுகிருச்சு. தூரப் போட மனசு வருமா? நம்ம மாடியில வச்சா நம்மதுன்னு தெரிஞ்சுரும்லா, அதான் விடிய மின்ன பி பிளாக்குல, டேங்க்குக்குப் பின்னால..." லிஃப்டில் வாசனை பீய்ச்சியவரைப் பார்த்துக் கூட்டம் சிரித்த சிரிப்பில் கிளப்ஹவுஸ் கண்ணாடி அதிர்ந்தது.

சி பிளாக்காரர் குதித்து எழுந்தார். "அப்போ இது செடியோட தப்பு இல்ல. மார்க் செல்லாது."

"செல்லும்," என்றார் அந்த அம்மாள். "கப்புல வந்தது தான் மார்க்கு. காரணத்துக்கு மார்க் கெடையாது. நான் முப்பது வருசமா எத்தினி தோட்டக்காரனை இதே வார்த்தை சொல்லி அனுப்பிச்சிருக்கேன், எனக்கு மட்டும் வேறயா?" கரண்டியைப் பையில் போட்டார். "புடுங்கிடுங்கப்பா." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பையின் ஜிப்தான் மூடவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். வாழ்க்கையில் ஒருவருக்கு அரசாங்க நடைமுறை மொத்தமும் உதவிக்கு வரும் தருணம் ஒன்று வந்தால் அதைத் தவறவிடக் கூடாது. மூன்று விஷயங்கள் சொன்னேன். தலைவரின் நிபந்தனை வாய்மொழியானது, தீர்மானமாகப் பதிவாகவில்லை. குடியிருப்பு வளாகத்தில் வளர்க்கப்படும் காபி வேலியா, பயிரா, தோட்டமா என்பதில் ஐயம் இருக்கிறது; தகுதியுள்ள அலுவலகத்திடம் விளக்கம் கேட்டு, பதில் வரும் வரை இப்போதுள்ள நிலையே தொடர்வதுதான் முறை. மூன்றாவதாக, இன்றைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை நான் எழுதியாக வேண்டும். அதில் நெத்திலி இடம்பெற வேண்டுமா என்பதைத் தலைவர் அருள்கூர்ந்து தெரிவிக்கலாம்.

"பதில் வாற வரை அப்படியே இருக்கட்டும் சார்," என்றார் தலைவர் உடனடியாக. ஏகமனதாக நிறைவேறியது. அதே மூச்சில் 23(இ)க்கு ஒரு திருத்தமும் வந்தது: கருவாடு ஏ பிளாக் மாடி, காபி பி பிளாக் மாடி, இரண்டும் காற்று வீசும் திசை பார்த்து.

கடிதத்தை மூன்று அலுவலகங்களுக்கு எழுதினேன். ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டுக்கும் நகல் என்று குறித்தேன். அப்படி எழுதினால் மூவரும் அடுத்தவர் பதில் எழுதுவார் என்று காத்திருப்பார்கள். மேசையின் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தவன், எனக்குத் தெரியும். இன்றுவரை பதில் இல்லை. கார்கள் விசிட்டர் பார்க்கிங்கில் சார்ஜ் ஏற்றிக்கொள்கின்றன.

அடுத்த ஆண்டு விளைச்சலுக்கு எழுபத்தாறு போட்டார். அதற்கடுத்தது எழுபத்தொன்பதே கால். என் மனைவியின் ஃபில்டர் காபி எழுபத்தொன்பதரையில் நின்றது. கால் மார்க்கில் இருவருக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அவர் மகள் வந்து மெல்போர்னுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். கிளம்பும்போது எஸ்டேட்டைப் பார்க்கவில்லை. என் மனைவியிடம் மர முள்கரண்டியை மட்டும் கொடுத்தார். மெல்போர்னில் தெருவுக்கு நான்கு காபிக் கடையாம். எல்லாவற்றுக்கும் மார்க் போட்டாயிற்று, இரண்டு கடையில் உள்ளே விடுவதில்லை என்று செய்தி வந்தது.

இந்த ஆண்டு விளைச்சலை என் மனைவி தானே பறித்தாள், புளிக்க வைத்தாள், உலர்த்தினாள். விடியற்காலைக் காவலுக்குத் தலைவர் தாமாகவே வந்து மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மடிக்கணினியில் கூட்டம் நடத்திக்கொண்டே காக்கை ஓட்டினார். வறுத்து, பொட்டலம் கட்டி, சுங்கப் படிவத்தை நான் நிரப்பி அனுப்பினோம். இரண்டு வாரம் போயிற்று. மூன்றாவது வாரமும் போயிற்று. என் மனைவி ஒருநாளைக்குப் பல தடவை போனைப் பார்த்தாள். "அறுபதுன்னாலும் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே," என்றாள்.

சுவரோரம் செடிகள் பூத்திருந்த ஒரு காலையில் வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. தலைவரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார், அவருக்கென்று என் மனைவி காபி கலந்து வைத்திருந்தாள். போனை மேசைமேல் வைத்து அழுத்தினாள். முதலில் கிண்ணத்தில் கரண்டி படும் சத்தம். பிறகு புது வேட்டி கிழிந்தது. பிறகு அமைதி, கன்னத்துக்குக் கன்னம் மாறுகிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். துப்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.

அது வரவில்லை. தொண்டையில் ஏதோ இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு தடவை, கரண்டி இல்லாமல், நேராகக் கிண்ணத்திலிருந்து.

"நல்லா கீதுமா," என்றது குரல். செய்தி அவ்வளவுதான்.

"மார்க்கே சொல்லலையே," என்றாள் என் மனைவி. முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

தலைவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். "சார், அந்தத் தீர்மானத்துல பதில் வாற வரைன்னுதான போட்டிருந்தோம்? பதில் வந்துட்டுன்னு எழுதி ஃபைலை மூடிருங்க. செடி பாட்டுக்கு அங்கனயே நிக்கட்டும்."

எந்த அலுவலகத்திலிருந்து என்று தீர்மானத்தில் குறிப்பிட நான் தவறியிருந்தேன். என் வரைவில் ஓட்டை. கோப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: பதில் வரப்பெற்றது, யுகாதிக்கு மறுநாள், காலை.